பாலைவனப் பிரயாணத் திட்டம்

ஒரு நாள் இரவு சாப்பிடும்போது நம் குமாரன், "அப்பா, லாஸ் வேகஸுக்குப் போய்வர எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டான். திருவாண்டார்கோயிலிலிருந்து விழுப்புரம் போய்வரும் பஸ் கட்டணத்தையே எண்ணிப் பார்க்கும் குடும்பம் நம்முடையது. ஆயினும் உபாத்தியாயர் ஒருவர் கேள்விக்குப் பயந்து பின்வாங்கலாமா? காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அமெரிக்காவில், நெவாடா பாலைவனத்தின் நடுவே, 1931-ல் சூதாட்டத்துக்குச் சட்டம் இடங்கொடுத்த பிறகு செழித்த கேளிக்கை நகரம் அது. சுற்றுலா விஸாவுக்கு விண்ணப்பிக்க மட்டும் 2023 முதல் தலைக்கு 185 டாலர் கட்ட வேண்டும். நாம், இல்லாள், குமாரன், குமாரத்தி, நம் தாயார் ஆக ஐவருக்கு 925 டாலர். விஸா கிடைக்காவிட்டாலும் அப்பணம் திரும்பி வராது. விமானக் கட்டணத்துக்கு வருமுன்பே பென்சிலைக் கீழே வைத்துவிட்டோம்.

"பாலைவனமும் வேடிக்கையுந்தானே வேண்டும்? நம் தேசத்திலேயே ஜெய்சால்மர் இருக்கிறதே!" என்றோம்.

ராவல் ஜெய்சல் என்னும் ராஜபுத்திர அரசர் 1156-ல் நிறுவிய நகரம் அது. மஞ்சள் கல்லாலான அதன் கோட்டைக்குள் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 2013-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரத்தில் ஸம் மணற்குன்றுகள். அங்கே ஒட்டகச் சவாரியும், மாலையில் ஆட்டமும் பாட்டும் உண்டு.

எப்போது போவது? உபாத்தியாயருக்கு நீண்ட விடுமுறை மே மாதத்தில். அப்போது அங்கே அனல் வீசும். பாலைவனத் திருவிழாவோ ஜனவரி, பிப்ரவரி வாக்கில், பள்ளிக்கூடம் நடக்கும் காலத்தில் வரும். மிஞ்சியது டிசம்பர் விடுமுறைதான். புது வருஷக் கூட்டத்தில் அறை வாடகை ஏறிவிடுமாதலால், அதற்கு முன்பே திரும்பிவிடுவதென்று தீர்மானித்தோம். சென்னையிலிருந்து ஜோத்பூர் சேர ரயிலிலேயே இரண்டு இரவுகள் கழியும். அங்கிருந்து ஜெய்சால்மருக்கு மற்றொரு ரயில்.

குளிர்சாதன வண்டி, மணற்குன்றுக் கூடாரத்தில் ஓர் இரவு, ஐவருக்குப் பிரயாணம் என்று கூட்டியபோது, கையிருப்பைத் தாண்டிற்று தொகை. அப்பொழுது தாயார், "நீங்கள் போய்விட்டு வாருங்கள், தம்பி. எனக்கு அந்த மணலைப் பார்க்க ஆசையில்லை. பசுவை யார் கவனிப்பது?" என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. உண்மையைச் சொல்லுவோமே: நமக்குச் சற்று நிம்மதியாகவும் இருந்தது. கணக்கு நேராகிவிட்டதல்லவா?

மறுநாள் குமாரன் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னான். முன் தினம் பாட்டி அவனிடம், "இப்போதும் வயதானவர்களுக்கு ரயிலில் பாதி டிக்கெட்தானே?" என்று விசாரித்தார்களாம். 2017-ல் காசிக்குப் போனபோது அவர்களுக்கு அந்தச் சலுகை கிடைத்தது. 2020 மார்ச்சில் அது நிறுத்தப்பட்டதை அவன் சொல்லியிருக்கிறான். அதன் பிறகு, "அந்த ஊரில் கோயில் உண்டா? குடிதண்ணீருக்கு என்ன செய்கிறார்கள்?" என்றும் கேட்டார்களாம். ஆசையில்லாதவர் கேட்கும் கேள்விகளா இவை? நாம் கணக்குப் போடுமுன்பே தாயார் கணக்குப் போட்டுத் தம்மைக் கழித்துவிட்டார்கள்!

அன்றிரவு பட்டியலை மறுபடி எழுதினோம். குளிர்சாதன வண்டி போயிற்று. இரண்டாம் வகுப்புப் படுக்கை வண்டியும் ஆளுக்கொரு கம்பளியும் போதும். கூடாரம் போயிற்று, மணற்குன்றில் சூரியாஸ்தமனம் பார்த்துவிட்டு நகருக்கே திரும்பிவிடலாம். முதல் நாள் ஆகாரத்துக்குப் புளியோதரை. தாயார் பெயர் மட்டும் பட்டியலின் தலைப்பில் ஏறிற்று.

இப்போது ரயிலில் 60 நாட்களுக்கு முன்பே இடம் பதிவு செய்யலாம். அக்டோபரில் ஒரு நாள் காலை எட்டு மணிக்குக் குமாரன் கைப்பேசியுடன் தயாராக இருந்தான். ஐந்து இடங்களும் கிடைத்தன. தாயாருக்குக் கீழ்ப் படுக்கை.

"கோட்டைக்குள் இலட்சுமிநாதர் கோயில் இருக்கிறது, அம்மா. மழைநீரைத் தேக்கி நெடுங்காலம் ஊருக்கே குடிநீர் கொடுத்த கடிசர் ஏரியும் இருக்கிறது. பசுவுக்குத்தான் ஆள் பார்க்க வேண்டும்" என்றோம்.

"எதிர்வீட்டு மருமகளிடம் போன மாதமே சொல்லி வைத்திருக்கிறேன்" என்றார்கள் தாயார்.