ஓடுகிற பழசு

மட்டாஞ்சேரி ஜூ டவுனில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். கப்பல் திசைகாட்டி, சாவி கொடுக்கிற கடிகாரம், எண்களைச் சுழற்றிப் பேசுகிற தொலைபேசி என்று எல்லாம் கிடைக்கும். வாங்க வருகிறவர்கள் "எவ்வளவு பழசு?" என்று கேட்பார்கள். "ஓடுமா?" என்று கேட்டவரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஓடாத பழசுக்குத் தூசி தட்டினால் போதும். ஓடுகிற பழசு தினமும் பசியெடுத்துக் கூப்பிடும். என் வீட்டு வாசலில் நிற்கிற லாம்பிரெட்டா அப்படிப்பட்டது. "தாத்தா, இதை வித்துடலாமே" என்று பேரன் மாதம் ஒருமுறை சொல்வான். நாற்பது வருஷம் படகு எஞ்சின்களோடு மல்லுக்கட்டியவனுக்கு அதை விற்க மனசு வரவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது வில்லிங்டன் தீவில்தான் கொச்சியின் விமான நிலையம் இருந்தது. படகுத்துறையில் உட்கார்ந்தால் தண்ணீருக்கு மேலே தாழ்ந்து வரும் டகோட்டா விமானத்தின் உறுமல் காதில் விழும். 1953இல் இந்தியன் ஏர்லைன்ஸ் தொடங்கியபோது அதன் கையில் இருந்த விமானங்களில் பெரும்பங்கு டகோட்டாதான். 1999இல் நெடும்பாசேரி நிலையம் திறந்தபின் பயணிகள் விமானங்கள் அங்கே போய்விட்டன. தீவில் பெரும்பாலும் கடற்படை விமானங்கள்தான் இறங்குகின்றன. அந்த உறுமல் அதற்கு ரொம்ப நாள் முன்பே நின்றுபோயிருந்தது.

அதனால்தான் 2018இல் ஒரு டகோட்டா பறந்தே இந்தியா வந்தது என்ற செய்தியை இரண்டு முறை படித்தேன். அரசியல்வாதியான ராஜீவ் சந்திரசேகர் பழைய இரும்பாகப் போகவிருந்த ஒன்றை 2011இல் அயர்லாந்தில் வாங்கி, இங்கிலாந்தில் சீர்செய்ய வைத்தார். அவருடைய தந்தை ஏர் கமோடோர் எம்.கே. சந்திரசேகர் விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். சீர்செய்யவே ஆறேழு வருஷம் ஆனது. விமானப்படைக்குப் பரிசாகத் தருகிறேன் என்றதும் அரசு உடனே வாங்கிக்கொள்ளவும் இல்லை. பழசைக் கொடுப்பதுகூடச் சுலபமில்லை பாருங்கள். 2018 ஏப்ரலில் அது நாடு நாடாக இறங்கி ஜாம்நகர் வந்து, மே மாதம் ஹிண்டன் தளத்தில் விமானப்படையின் பழைய விமானப் பிரிவில் சேர்ந்தது. அங்கே டைகர் மோத், ஹார்வர்ட் எல்லாம் அதற்குத் துணை. பெயர் 'பரசுராமா'. கோடரி எறிந்து கடலிடமிருந்து கேரளத்தை மீட்டவன் பெயர், எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எண் வி.பி. 905. 1947 அக்டோபர் 27இல் ஸ்ரீநகருக்குப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற டகோட்டாக்களில் ஒன்றின் எண் அது.

படத்தில் பார்த்தால் பளபளவென்றிருக்கிறது. எஞ்சின்காரன் கண்ணுக்கு வேறு தெரியும். அதற்கு இரண்டு எஞ்சின். ஒவ்வொன்றிலும் பதினான்கு சிலிண்டர் பூவிதழ் போல வட்டமாக நிற்கும். கீழ்ப்பக்கச் சிலிண்டர்களின் தலை தரையை நோக்கி இருப்பதால், சும்மா நிற்கும்போது எண்ணெய் கசிந்து அவற்றில் போய்த் தேங்கும். காற்றை அழுத்தலாம், எண்ணெயை அழுத்த முடியாது. கவனிக்காமல் ஸ்டார்ட் செய்தால் உள்ளே தண்டு வளைந்துவிடும். அதனால் கிளப்புமுன் ஆட்கள் நின்று விசிறியைக் கையாலேயே பல சுற்றுத் திருப்புவார்கள். வாலிலும் இறக்கை ஓரங்களிலும் திருப்புகிற பாகங்களுக்குத் துணிதான் போர்வை. துணி நைந்தால் மாற்றி மருந்துப் பூச்சு பூச வேண்டும். ஜெட்டுக்கு ஊற்றுகிற எண்ணெய் இதற்கு ஆகாது, தனிப் பெட்ரோல் வேண்டும். அது எல்லா நிலையத்திலும் கிடைக்காது. பின்சக்கரம் சின்னது, மூக்கு வானத்தைப் பார்க்கும். தரையில் ஓட்டுகிறவருக்கு முன்பக்கம் சரியாகத் தெரியாது. பறந்தால் ஒரு செலவு, பறக்காமல் நின்றால் அதைவிடப் பெரிய செலவு. எங்கள் ஊர் உப்புக்காற்றில் அலுமினியம் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும்.

இத்தனைக்கும் மேலே அதில் என்ன சந்தோஷம்? ஜே.ஆர்.டி. டாடாவைக் கேட்டிருக்க வேண்டும். 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு புஸ் மோத் விமானத்தை ஓட்டி வந்தார். ஐம்பது வருஷம் கழித்து, எழுபத்தெட்டு வயதில், ஒரு பழைய லெப்பர்ட் மோத்தில் அதே வழியில் தனியாகப் பறந்தார். அந்த வயதில் எனக்குப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஆனால் என் லாம்பிரெட்டா நாலாவது உதையில் இருமி, வெள்ளைப் புகை விட்டு, பிடித்துக்கொள்கிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அவர் எதற்காகப் போனார் என்று அப்போது கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கும்.

பரசுராமா கதையில் எனக்குப் பிடித்தது வாங்கியதல்ல, கொடுத்தது. பிரியம் என்றால் வைத்துக்கொள்வது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அந்த விமானத்துக்குத் தீனி போட ஒரு வீட்டால் முடியாது. ஆட்களும் பட்டறையும் ஓட்டக் கற்றவர்களும் இருக்கிற இடத்துக்குப் போனதால்தான் அது இன்னும் பறக்கிறது. என் வண்டியைத் தொட்டுப் பழகிய மெக்கானிக் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷமாகிறது. கார்பரேட்டரை எவ்வளவு திருக வேண்டும், பெட்ரோலில் எவ்வளவு எண்ணெய் கலக்க வேண்டும் என்பதெல்லாம் இப்போது என் கையில் மட்டும்தான் இருக்கிறது.

பக்கத்துத் தெருவில் பைக் பட்டறை வைத்திருக்கும் பையன் போன மாதம் வந்தான். "அங்கிள், எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டான். விலை கேட்கவில்லை, ஓடுமா என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொல்லியிருக்கிறேன். நாலு ஞாயிறு ஆகிவிட்டது. கிளட்ச் கேபிள் மாற்றக் கற்றுக்கொண்டான், கார்பரேட்டர் இன்னும் பாக்கி.