ஒன்றேகால் மார்க்கும் முட்டோம்போவும்

ஒன்றேகால் மார்க்கில் எனக்கு மெடிக்கல் சீட் போச்சு. அப்புறம் என்ன, ஊரோட சேர்ந்து இன்ஜினியரிங், கோடிங், ஈஎம்ஐ. அம்மா மட்டும் இன்னிக்கும் சொந்தக்காரங்க கல்யாணத்துல அந்த ஒன்றேகாலைச் சொல்லாம விடமாட்டாங்க. அதனாலயோ என்னவோ, டிக்கெம்பே முட்டோம்போன்னா எனக்குத் தனிப் பிரியம்.

அவரும் டாக்டராக ஆசைப்பட்ட கேஸ்தான். காங்கோவின் கின்ஷாசாக்காரர். 1987இல் உதவித்தொகையோடு அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். ஏழடி ரெண்டு அங்குல ஆளைப் பார்த்த பாஸ்கெட்பால் கோச் ஜான் தாம்சன் சும்மா விடுவாரா? டாக்டர் கனவு அத்தோட காலி.

1991இல் டென்வர் நக்கெட்ஸில் ஆரம்பிச்சு 18 சீசன் ஆடினார். எதிராளி போடற பந்தைத் தட்டிவிட்டு, 'என்கிட்டயேவா?'ங்கற மாதிரி ஆள்காட்டி விரலை ஆட்டுவார். மூஞ்சிக்கு நேரா ஆட்டினா டெக்னிக்கல் ஃபவுல்னு சொன்னதும், கூட்டத்தைப் பார்த்து ஆட்ட ஆரம்பிச்சார்! மொத்தம் 3,289 பிளாக். என்பிஏ வரலாற்றிலேயே ஹக்கீம் ஒலாஜுவானுக்கு அடுத்த இடம்.

90களின் கடைசியில் காங்கோவில் சண்டை. தெருவெல்லாம் அடைச்சுக் கிடந்ததால, உடம்பு முடியாமப் போன அவர் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியல. வீட்டிலேயே இறந்துட்டாங்க.

2007இல் கின்ஷாசாவில் 300 படுக்கையோட ஒரு ஆஸ்பத்திரி திறந்தாச்சு. செலவு 2.9 கோடி டாலர், அதில் பாதிக்கு மேல் அவர் கைக்காசு. பேரு, அம்மா பேருதான்: பியாம்பா மேரி முட்டோம்போ ஆஸ்பத்திரி. 2009இல் முட்டியில் அடிபட்டு ஆட்டத்தை விட்டவர், அப்புறம் என்பிஏவின் தூதராவும் இந்த ஆஸ்பத்திரிக்காகவும் ஊர் ஊரா அலைஞ்சார். 2024 செப்டம்பர் 30 அன்று, 58 வயசில், மூளைப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரி நிக்குது.

அவர் படிப்பைத்தான் விட்டார், ஆசையை விடல. நான் சீட் கிடைக்கலேன்னதும் ரெண்டையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டேன். அதான் உறுத்துது.

அடுத்த கல்யாணத்துல அம்மா ஒன்றேகாலை ஆரம்பிச்சா இந்தக் கதையை எடுத்து விடலாம்னு இருக்கேன். "அதெல்லாம் சரி, நீ எப்போ கட்டப்போறே?"ன்னு கேட்டா? ஆஸ்பத்திரியைக் கேக்கறாங்களா, தாலியைக் கேக்கறாங்களான்னே தெரியாது. ரெண்டுக்குமே என்கிட்ட பதில் இல்ல :-)