18.4 எப்படி 16 ஆச்சு?

இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல, 6,226 அடி. கெம்பஸ் லீவுக்கு அங்க இறங்கித்தான் நாங்க தோட்டத்துக்கு நடக்கிறது.

போன தடவை அம்மாவோட கொழுந்து மடுவத்துக்குப் போனோம். முந்தி முள்ளு ஓடுற தராசு, இப்ப டிஜிட்டல். ஆர்ட்ஸ் படிக்கிற எங்களுக்கே விளங்குற சங்கதிதான்: பாரம் தொங்கினா உள்ளே இருக்கிற உலோகத்துண்டு கண்ணுக்குத் தெரியாம வளையும், அதில ஒட்டின மெல்லிய கம்பி நீளும், மின்தடை மாறும். அந்த மாற்றம்தான் திரையில எண்ணா வருது. 1938இல் அமெரிக்காவில கண்டுபிடிச்சது.

திரையில 18.4. கொப்பியில 16. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவாம். அன்றைக்கு மழையே இல்லை!

பின்னேரம் டிஸ்பென்சரியில அம்மாவுக்குப் பிரஷர் பார்த்தாங்க. கைப்பட்டியில காற்று இறங்கும்போது நாடித்துடிப்பு எழுப்புற அதிர்வை அங்கேயும் ஒரு உணரிதான் பிடிக்குது. 160க்கு 100.

அம்மா கேட்டாங்க: "இதில எவ்வளவு கழிப்பீங்க, தம்பி?"