ஊர்ப் பெயர் சொன்ன பாட்டு

புது இசைத்தட்டு என்றால் நேற்று வெளியானதாக இருக்க வேண்டியதில்லை. என் காதுக்கு இதுவரை எட்டாதது எதுவோ, அதுவே எனக்குப் புதிது. அப்படிப் புதிதாக வந்து சேர்ந்தவர் மிஸ்ஸிஸிப்பி ஜான் ஹர்ட்.

1928-இல் அமெரிக்காவின் ஒக்கே கம்பெனி அவர் பாட்டுக்களைப் பதிவு செய்தது. தட்டுகள் விலைபோகவில்லை. மனிதர் பழையபடி வயல் வேலையோடு இருந்துவிட்டார். 1952-இல் ஹாரி ஸ்மித் பழைய தட்டுகளிலிருந்து 84 பாட்டுக்களைத் தொகுத்தபோது, ஹர்ட்டின் இரண்டு பாட்டுக்களைச் சேர்த்தார். பாடியவர்கள் கறுப்பரா வெள்ளையரா என்று அவர் குறிப்பிடவில்லை. நல்ல காரியம்! முதலில் காது கேட்கட்டுமே.

வேறொரு பாட்டில் ஹர்ட் தம் ஊர் அவலான் என்று சொல்லியிருந்தார். டாம் ஹாஸ்கின்ஸ் என்ற ரசிகர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு 1963-இல் அவலானுக்கே போய்விட்டார். கிழவர் அங்கேதான் இருந்தார்! அதே ஆண்டு நியூபோர்ட் விழாவில் பாடவும் பாடினார்.

கிதாரின் தடித்த தந்திகளில் கட்டைவிரல் தாளம் பிசகாமல் நடக்கிறது. மற்ற விரல்கள் பாட்டையே மீட்டுகின்றன. குரலோ, திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற குரல். 1928 தட்டையும் முதுமையில் பாடிய தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். முப்பத்தைந்து வருஷம் யாரும் தேடவில்லையே என்ற கசப்பு துளிகூட இல்லை. கோபம் எனக்குத்தான் வந்தது.

1966-இல் அவர் காலமானார். மீண்டும் பாடக் கிடைத்தவை மூன்றே ஆண்டுகள். அந்த நாளைய தட்டுகளில் ஒன்றை இன்னும் கேளாமல் வைத்திருக்கிறேன்.