கோவில்பட்டிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் பயணம்

பயணக் கட்டுரை என்றால் அயல்நாடு சென்று திரும்பியவர்கள் எழுதுவது என்று நம்மிடையே ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஏ. கே. செட்டியார் அவர்கள் காந்தியடிகளைப் பற்றிய படத்துக்காகத் தென்னாப்பிரிக்கா வரை சென்று வந்தவர். அத்தகையோர் எழுதிய துறையில், ஜோகுபாளையத்திலிருந்து கோவில்பட்டிக்குப் போய்வந்த ஓர் எழுத்தர் பேனாவை எடுப்பது சற்றுத் துணிச்சலான செயல்தான். ஆயினும் அந்தப் பயணம் 2020 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், நூறு சி.சி. மோட்டார் சைக்கிளில் நடந்தது என்றால், அன்பர்கள் ஒருவாறு பொறுத்துக்கொள்வார்கள் என நம்புகிறேன்.

எங்கள் ஜோகுபாளையம் அல்சூர் ஏரிக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ளது. வெள்ளையர் இங்கே தண்டு அமைத்த நாள்தொட்டுத் தமிழர் வந்து குடியேறிய பகுதிகளை ஒட்டியது. எங்கள் தெருவில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பக்கத்தவர். வேலூருக்கோ ஆம்பூருக்கோ காலையில் போய் இரவு திரும்பிவிடுவார்கள். எங்கள் குடும்பம் மட்டும் கரிசல் நாட்டிலிருந்து வந்தது. என் தந்தையார் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து வந்தவர். ஆகவே ஊருக்குப் போவதென்றால் எங்களுக்கு அது ஓர் இரவுப் பயணம். மைசூர்–தூத்துக்குடி எக்ஸ்பிரசில் மாலையில் ஏறினால் மறுநாள் காலையில் கோவில்பட்டி. பெட்டி, கூஜா, கட்டுச்சோறு என்று என் பிள்ளைப் பருவம் முழுவதும் அந்த இரயிலோடு கலந்தது.

2020 பிப்ரவரியில் என் தாயார் அந்த இரயிலில்தான் அக்காள் வீட்டுக்குச் சென்றார். அக்காள் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்காகப் போனவர், சித்திரை பிறந்ததும் திரும்புவதாக ஏற்பாடு. மார்ச் 25 ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது; இரயிலும் நின்றது. முதல் இரண்டு மாதம் நாங்கள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. தினமும் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் பேசுவோம். மே மாதக் கடைசியில் ஒருநாள், "அப்பா ஷிப்டு முடிஞ்சு வந்தாச்சா?" என்று அம்மா கேட்டார். என் தந்தையார் காலமானது 2011 இல்.

நான் ஏதோ தடுமாற்றம் என்றுதான் நினைத்தேன். அக்காளோ அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டு தாழ்ந்த குரலில் உண்மையைச் சொன்னாள். சில நாட்களாகவே இப்படித்தானாம். காலையில் தெளிவாக இருப்பாராம். பொழுது சாயச் சாய ஆட்களை மாற்றி அழைப்பாராம். மருத்துவர் ஒருவரிடம் அத்தான் காட்டியிருக்கிறார். வயதுக்குரிய மறதி நோய் தொடங்குவதாகவும், பழகிய முகங்களை அடிக்கடி பார்த்துக்கொண்டிருப்பது நல்லது என்றும் அவர் சொன்னாராம். பழகிய முகம் 535 கிலோமீட்டர் தொலைவில், சுழற்சி முறையில் அலுவலகம் போய்க் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தது.

ஜூன், ஜூலை இரண்டும் கழிந்தன. மாநில எல்லையைக் கடக்க இ-பாஸ் வேண்டும். அதுவும் மரணம், திருமணம், அவசர மருத்துவம் முதலிய காரணங்களுக்கே. 'என் தாய் என்னை மறந்துகொண்டிருக்கிறாள்' என்பது அந்தப் பட்டியலில் எந்தத் தலைப்பின்கீழ் வரும்? ஆகஸ்டு 17 முதல், ஆதார் எண்ணும் தொலைபேசி எண்ணும் தந்து விண்ணப்பிக்கும் அனைவருக்கும் தாமதமின்றி இ-பாஸ் என்று தமிழக அரசு அறிவித்தது. அன்றே விண்ணப்பித்தேன், அன்றே கிடைத்தது. ஆனால் எதில் போவது? இரு மாநிலங்களுக்கும் இடையே பேருந்து இல்லை. வாடகைக் கார் கேட்ட தொகை என் அரை மாதச் சம்பளத்தைத் தாண்டியது. வாசலில் 2007 இல் வாங்கிய ஸ்ப்ளெண்டர் நின்றிருந்தது.

என் துணைவி முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு புளியோதரை கட்டிக் கொடுத்தாள். எங்கள் தெரு இளைஞர்கள் புல்லட்டில் லடாக் வரை போய்வந்தவர்கள். அவர்களுள் ஒருவன் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, "அங்கிள், அம்பத்தஞ்சுக்கு மேலே போகாதீங்க" என்று ஆசி வழங்கினான். அலுவலகத்தில் ஈட்டிய விடுப்பு கேட்டேன். எல்.டி.சி. எடுக்கலாமே என்றார் ஒரு நண்பர். சொந்த வாகனத்தில் போனால் அதற்கு எல்.டி.சி. இல்லை என்பது இருபது ஆண்டுகளாக அந்த விதியைப் பிறருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும் எனக்குத் தெரியாதா!

ஆகஸ்டு 21, வெள்ளிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டேன். அம்மாத ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழகத்தில் முழு ஊரடங்கு என்பதால், வழியில் ஏதேனும் நேர்ந்தாலும் சனிக்கிழமை கையில் இருக்கட்டும் என்று கணக்கு. அத்திப்பள்ளியைத் தாண்டி ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். இளைஞரான ஒரு காவலர் கைபேசியில் இருந்த பாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "கோவில்பட்டிக்கா? இதிலயா?" என்றார். ஆமென்றேன். காய்ச்சல் பார்க்கும் கருவியை நெற்றிக்கு நேரே நீட்டினார். பின்னால் நின்ற லாரி ஓட்டுநர் என் கே.ஏ. 03 எண் பலகையைக் காட்டி, "நம்ம ஊர் வண்டி, விடுங்க சார்" என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிக் கலவரத்தின்போது எண் பலகை எழுத்து இரண்டையும் பார்த்து வண்டிகளை நிறுத்திய நாட்களை ஜோகுபாளையத்தார் மறக்கவில்லை. அன்று காலை எந்த எழுத்தையும் யாரும் பொருட்படுத்தவில்லை. எல்லோரும் முகமூடியைத்தான் பார்த்தார்கள்.

சீட்டு இல்லாமல் உறவினரைப் பார்க்க முடியாத நிலை நமக்கு ஐந்து மாதத்துப் புதுமை. தென்னாப்பிரிக்கத் தமிழருக்கோ அது மூன்று தலைமுறை வாழ்க்கை. 1860 நவம்பர் 16 ஆம் நாள் சென்னையிலிருந்து 'துரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் நம்மவர் கரும்புத் தோட்டங்களுக்குப் போகத் தொடங்கினர். நேட்டாலில் குடியிருந்த இந்தியர் டிரான்ஸ்வால் எல்லையை அனுமதிச் சீட்டின்றித் தாண்டலாகாது. 1913 நவம்பர் 6 ஆம் நாள் காந்தியடிகள் தலைமையில் 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 குழந்தைகளும் அந்த எல்லையை நடந்தே மீறினார்கள். அவர்களில் தமிழர் மிகுதி. அதே போராட்டத்தில் சிறை சென்று நோயோடு மீண்ட தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 இல் உயிர் நீத்தார். நடுவில் உள்ள ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர் குடியிருக்க 1980களின் நடுப்பகுதி வரை தடை இருந்தது. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். நெடுஞ்சாலை அந்த மாநிலத்தின் வழியாகத்தான் போகிறது. அக்காள் வீட்டுக்குப் போகும் டர்பன் தமிழன் களைத்தாலும் அங்கே இரவு தங்காமல் ஓட்டிக்கொண்டே போயிருக்க வேண்டும். கிருஷ்ணகிரி வரை எனக்கு இதே நினைவாக இருந்தது. என் சீட்டு ஒரு நோயின் பொருட்டு. அவர்களுடையது தோலின் பொருட்டு. இரண்டையும் ஒன்றென்று சொல்ல நான் துணியமாட்டேன்.

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, விருதுநகர், தூத்துக்குடி என ஒன்பது மாவட்டங்கள். அப்போது மாவட்டம் விட்டு மாவட்டம் போகவும் இ-பாஸ் தேவை. சில எல்லைகளில் நிறுத்தினார்கள்; சிலவற்றில் கையசைத்து விட்டார்கள். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு வழிவிட்டு ஓரத்திலேயே இறங்கினேன். அங்கே நடந்த விபத்துகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தவன் எவனும் அங்கே வீரம் காட்டமாட்டான். சுங்கச் சாவடிகளில் இரு சக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை. கார்க்காரர்கள் வரிசையில் நிற்க, ஓரத்துச் சந்தில் நுழைந்து போவது எளியோர்க்கு வாய்த்த ஒரு சிறு பெருமை.

பரமத்தி வேலூரில் காவிரிப் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்திப் புளியோதரையைப் பிரித்தேன். மேட்டூர் அணை அவ்வாண்டு ஜூன் 12 ஆம் நாளே திறக்கப்பட்டிருந்தது. உரிய நாளில் திறந்தது எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு என்றார்கள். ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் இதே ஆறுதான். இங்கே பாலத்தடியில் அதன் அகலத்தைப் பார்த்தபோது, நாங்கள் குடத்துக்குச் சண்டை போடுவது இதற்காகவா என்று தோன்றியது.

வேடசந்தூர் தாண்டிப் பின்சக்கரம் பஞ்சர். அரை மைல் தள்ளிக்கொண்டு போனபின் புளியமரத்தடியில் ஒரு கடை. கடைக்காரர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்துக்கொண்டே, நான்கு மாதமாகத் தொழில் இல்லை என்றார். வெளியூர் வண்டி என்பதால் கிட்டே வர அஞ்சுவாரோ என நினைத்தேன். தம் பாத்திரத்திலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். பணம் கேட்டபோது மட்டும் மேசைமேல் வைக்கச் சொன்னார், கையால் வாங்கவில்லை.

மதுரைக்குத் தெற்கே மண் கறுத்தது. சாத்தூரில் வெள்ளரிக்காய் விற்கும் கூட்டம் இல்லை. கோவில்பட்டியை அடைந்தபோது இரவு ஏழு மணி. அவ்வாண்டு ஏப்ரலில்தான் அவ்வூர்க் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. கொண்டாடத்தான் ஆள் நடமாட்டம் இல்லை.

பிற மாநிலத்திலிருந்து வருபவர் 14 நாள் வீட்டுத் தனிமையில் இருக்க வேண்டும் என்பது விதி. அத்தான் முன்கூட்டியே திண்ணையை ஓலைத் தட்டியால் மறைத்துக் கயிற்றுக் கட்டில் போட்டிருந்தார். மறுநாள் சுகாதாரப் பணியாளர் வந்து கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார். அக்காள் வாழையிலையில் சோறு வைத்து வாசற்படியில் நகர்த்துவாள். அம்மாவோ நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எங்களுக்கு இடையே எட்டடி.

முதல் இரவு அம்மா என்னை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். நான் முகமூடி அணிந்திருந்தேன். அதைக் கழற்ற அக்காள் விடவில்லை. பிறகு அவர் கேட்டார்:

"அண்ணே, மண்டபத்திலே எத்தனை நாள் வச்சிருந்தாக?"

எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. என் தாய்வழிப் பாட்டனார் கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்டக் கூலியாகப் போனவர். அம்மா ஊரில் பாட்டியிடம் வளர்ந்தார். அவருடைய அண்ணன் இலங்கையிலேயே இருந்துவிட்டார். 1964 அக்டோபரில் சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானபின், 1970களின் தொடக்கத்தில் மாமா 'ராமானுஜம்' கப்பலில் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்து இறங்கினார். மண்டபம் முகாமில் தங்கவைத்துத்தான் அனுப்பினார்கள். அதே முகாம்தான் அதற்கு முன்பு, இலங்கைக்குப் போகும் கூலிகளை நோய்த் தடுப்புக்காக நாள்கணக்கில் அடைத்து வைத்த இடம். பாட்டனார் போனபோதும் மண்டபம். மகன் மீண்டபோதும் மண்டபம். மாமா பின்னர் நீலகிரித் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்து அங்கேயே மறைந்தார். நான் அவரை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.

"பதினாலு நாள்" என்றேன்.

அக்காள் என்னை முறைத்தாள். திருத்த வேண்டும் என்பது அவள் கட்சி. நோயாளியோடு வாதாடக் கூடாது என்பது என் கட்சி. இன்றும் இதில் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. ஆனால் அதன்பின் அம்மா பேசிய பேச்சு இருக்கிறதே! தன் தகப்பனார் அனுப்பிய மணியார்டர்கள், அது வராத மாதங்களில் குடித்த கம்பங்கூழ், கடிதம் படிக்கத் தெரியாமல் வாத்தியார் வீட்டுக்கு எடுத்துப் போனது, அண்ணன் வருவான் என்று ஒவ்வொரு பங்குனிக்கும் வீட்டுக்கு வெள்ளையடித்தது என எதையும் அவர் எனக்குச் சொன்னதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய மகனாக இருந்து நான் கேட்டறியாதவற்றை, பதினான்கு நாள் அண்ணனாக இருந்து கேட்டேன். காலை வேளைகளில் அவர் தெளிவாக இருப்பார். அப்போது என்னை என் பெயர் சொல்லி அழைத்து, பிள்ளைகள் படிப்பைப் பற்றியும், ஜோகுபாளையத்து வீட்டு மொட்டை மாடிக் கசிவைப் பற்றியும் விசாரிப்பார். மாலையானால் நான் மீண்டும் இலங்கையிலிருந்து வந்தவன்.

பதினைந்தாம் நாள் காலை குளித்துவிட்டு முகமூடி இன்றி உள்ளே போனேன். அம்மா என் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "சவரம் பண்ணலையாய்யா?" என்றார். அப்போது மணி ஒன்பது; ஆகவே அது எனக்கே சொன்னதுதான்.

நான் செப்டம்பர் முதல் வாரத்தில் திரும்பினேன். மாவட்ட எல்லைகளில் அதற்குள் இ-பாஸ் நீங்கியிருந்தது. நவம்பரில் இரு மாநிலங்களுக்கும் பேருந்து ஓடத் தொடங்கியதும் அக்காளும் அத்தானும் அம்மாவை அழைத்து வந்து விட்டுப் போனார்கள். அக்டோபரில் மத்திய அரசு பயணம் செய்யாமலே எல்.டி.சி.க்கு ஈடாகப் பணம் பெறும் ஒரு திட்டத்தை அறிவித்திருந்தது. அந்தப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்த நாட்களில்தான் மாமாவைப் பற்றி அம்மா சொன்னவற்றை ஒரு பழைய நோட்டில் எழுதத் தொடங்கினேன். அறுபது பக்கம் வந்திருக்கிறது. மாமாவின் மக்கள் கோத்தகிரிப் பக்கம் இருப்பதாகக் கேள்வி, தேடிக்கொண்டிருக்கிறேன். வண்டிக்குப் புது டயர் போட்டாயிற்று.