முல்லை நகர் மைதானத்துக் குறிப்புகள்

சென்னை கால்பந்து லீக் அணிகளின் பெயர்களைப் படித்தால் பாதி அலுவலக முகவரி மாதிரி இருக்கும்: ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத் துறை, இந்தியன் வங்கி, வருமான வரி. வியாசர்பாடிப் பையனின் வீட்டுச் சுவரில் மெஸ்ஸி படம் ஒட்டியிருக்கும். அம்மா கேட்பதோ, “கோட்டாவுல எடுப்பாங்களாடா?” என்றுதான்.

*

பந்து வியாசர்பாடிக்கு எப்படி வந்தது? பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியர்கள் ஆடியதைப் பார்த்துக் கற்றோம் என்பார் ஒரு பெரியவர். பின்னி மில்லில்தான் தொடக்கம் என்பார் இன்னொருவர். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். மில் 1990-களில் மூடப்பட்டது. அப்பாக்களின் வேலை போன அதே பத்தாண்டின் பிற்பகுதியில்தான் உமாபதியும் தங்கராஜும் குடிசைப் பகுதிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கால்பந்து மையம் ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடம் போனால்தான் பந்து. ஆட்டம் முடிந்தால் சாயங்கால வகுப்பு. மிரட்டல்தான், ஆனால் நல்ல மிரட்டல். பள்ளியை விட்ட பையனைத் திரும்ப உட்கார வைக்க அறிவுரையால் முடியாததைப் பந்து செய்திருக்கிறது.

*

வியாசர்பாடிக்காரர் தன்பால் கணேஷ். 2018 மார்ச் 13, ஐ.எஸ்.எல். அரையிறுதி, நேரு ஸ்டேடியம். கோவாவுக்கு எதிராக சென்னையின் எஃப்.சி. அடித்த மூன்று கோலில் ஒன்று இவருடையது. மற்ற இரண்டும் ஜெஜெ அடித்தவை. நான்கு நாள் கழித்து பெங்களூரில் கோப்பை. ஸ்டேடியத்துக்கும் வியாசர்பாடிக்கும் சில கிலோமீட்டர்தான்; நடுவே பேசின் பிரிட்ஜ். அந்தச் சில கிலோமீட்டரைக் கடக்க அவர் புனே வரை போய் ஆடிவிட்டு வரவேண்டியிருந்தது. அடுத்த சீசனை முழங்கால் காயம் தின்றது.

*

நந்தகுமார் சேகரும் இந்தப் பகுதிதான். ஆட்டோ ஓட்டுநரின் மகன், விங்கில் ஆடுபவர். 2023 ஆகஸ்ட் 12, கொல்கத்தா, டூரண்ட் கோப்பை: மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல், இவருடையது. நாலரை வருஷமாக டெர்பியில் ஜெயிக்காத இவருடைய ஈஸ்ட் பெங்கால் அன்று ஜெயித்தது. அடுத்த ஜனவரியில் சூப்பர் கப் இறுதி. ஒடிசாவிடம் பின்தங்கியிருந்தபோது சமன் செய்த கோலும் இவருடையதே. ஆட்டம் 3–2. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கிளப்புக்கு ஒரு தேசியக் கோப்பை. வங்காளிகள் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். சென்னையில் எத்தனை பேருக்கு அவர் முகம் தெரியும்?

*

பத்திரிகைக்காரர்கள் (என்னையும் சேர்த்து) வந்து இந்த இரண்டு பேரைப் பற்றியே கேட்கிறோம். மைதானத்தை நடத்துவதோ இவர்களோடு ஆடி, இவர்கள் போன தூரம் போகாதவர்கள். ஒருவர் ரயில்வேயில் இருக்கிறார். ஷிஃப்ட் முடிந்து சீருடைப் பேன்ட்டோடு வந்து கோல்கீப்பர்களைப் பழக்குகிறார். இன்னொருவர் பகலில் உணவு டெலிவரி. பையன்களுக்கு இருவருமே ‘அண்ணா’தான், வித்தியாசம் கிடையாது. வீட்டில் உண்டு. ரயில்வே அண்ணாவுக்குப் பெண் கிடைத்தது.

*

அந்த இருவருக்கும் இடையே இருந்தது ஒரு சான்றிதழ். மாநில அணிக்கு ஆடியதற்கான தாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலைக்கு அது ஒரு முக்கிய வாசல். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபிக்கான முகாமுக்குப் போய்க் கடைசிப் பட்டியலில் பெயர் விடுபட்டால், தெருவில் எத்தனை கோல் அடித்திருந்தாலும் எந்த அலுவலகமும் எண்ணாது. டெலிவரி அண்ணா அப்படித்தான் நின்றுபோனார். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதற்கும் பதக்கம், தாள், முத்திரை. அவரைக் கேட்டேன். “விடுங்க சார், அன்னிக்கு லெஃப்ட் பேக் ரெண்டு பேர் இருந்தாங்க, ஒரு சீட்டு” என்றார்.

*

பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். வயதுக்கு வந்ததும் நிறுத்திவிடும் வீடுகள் இன்னும் உண்டு. பயிற்சியாளர் வீடு வீடாகப் போய்ப் பேசுகிறார். அப்பாவைச் சம்மதிக்க வைப்பது சுலபமாம், பாட்டிதான் கஷ்டம்.

*

மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், கிரவுண்டிலும் நிற்கும். அடுத்த வாரம் சிறுவர் அணித் தேர்வு. பிறப்புச் சான்றிதழ் அசலைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தன் வீட்டு அசல் போன வெள்ளத்தில் போய்விட்டது. டெலிவரி அண்ணா அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்.