ஒரு கைக்கு மட்டும் வளையல்

ஸ்ரீரங்கம்

அடியே வாலு,

போன்ல பாதியில விட்ட கதையைச் சொல்லு சொல்லுன்னு நச்சரிக்கறே. எப்படிடி சொல்றது? அவங்க வீட்டு ஜன்னலும் என் வீட்டு ஜன்னலும் முகத்துக்கு முகம். நான் மெதுவாப் பேசி நீ என்னைக்குக் கேட்டிருக்கே? அதான் எழுதறேன். படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டுடுன்னு சொல்லலாம்னு பாத்தேன். தேவையில்லை, தெருவே மென்னு துப்பியாச்சு.

அம்மா மண்டபம் ரோட்டு இட்லிக் கடை அக்கா ஞாபகம் இருக்கா? நாம ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுக்கு ஓடுறப்ப "வெறும் வயித்தோட ஓடுதுங்க பாரு"ன்னு கத்துவாங்களே, அவங்கதான். மகன் துவாக்குடிப் பக்கம் பெல்லுக்குச் சாமான் செஞ்சு கொடுக்கற பட்டறையில வெல்டர். மருமக முசிறிப் பொண்ணு. பேச்சு குறைவு, சிரிச்சா மட்டும் தெருமுனை வரைக்கும் கேக்கும். கல்யாணமாகி ரொம்ப நாள் தங்கலைன்னு அக்கா ஏறாத கோயில் இல்லை. ஒருவழியா நாள் தள்ளிப்போச்சு.

மூணாம் மாசம், மசக்கை தலைக்கேறிக் கிடக்கறப்ப, குளிக்கும்போது இடது மார்புல ஒரு கட்டி கையில தட்டுப்பட்டிருக்கு. வலி இல்லை. மாமியார்கிட்டச் சொல்லக் கூச்சம், அம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கா. "பால் கட்டுதுடி, தலைச்சனுக்கு அப்படித்தான் இருக்கும்"னு அவங்க சொல்லிட்டாங்க. அக்காவுக்குத் தெரிஞ்சப்ப அவங்களும் அதையே சொன்னாங்க. எதிர்வீட்டுப் பாட்டி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாங்க. ஒரு கிளினிக்ல காட்டினதுக்கு, தொட்டுக்கூடப் பாக்காம "பிரசவம் ஆனா சரியாயிடும்"னு அனுப்பிட்டாங்களாம். எந்த கிளினிக்னு கேக்காதே, எழுத மாட்டேன்.

யாரையும் முழுசாக் குத்தம் சொல்லவும் முடியலை. கர்ப்பத்துல மார் கனக்கும், இறுகும், அங்கங்கே முடிச்சு முடிச்சாத் தட்டும். அதுக்குள்ள ஒரு கெட்ட கட்டி ஒளிஞ்சுகிட்டா கண்டுபிடிக்கறது கஷ்டம்தான். சுமார் 3,000 கர்ப்பத்துல ஒண்ணுலதான் மார்பகப் புற்றுநோய் வருதுன்னு கணக்கு சொல்றாங்க. அபூர்வம்ங்கறதாலேயே யாருக்கும் அந்த நினைப்பு வராது. ஆனா எனக்கு ஒரு ஆத்திரம் இருக்கு. மாசாமாசம் எடை பாக்கறோம், பிரஷர் பாக்கறோம், ரத்தம் எடுக்கறோம், வயித்துக்கு நாலு ஸ்கேன் எடுக்கறோம். மாரைத் தொட்டுப் பாக்க ரெண்டு நிமிஷம் ஆகுமா? புள்ளை குடிக்கப்போறதே அங்கதானே!

உன் மருமக பெங்களூர்ல அஞ்சு மாசம்னு சொன்னியே, அவகிட்டக் கூச்சப்படாமக் கேட்டுடு. கர்ப்பத்துல சந்தேகப்பட்டு ஊசி வெச்சுப் பாக்கற கட்டிகள்ல 100க்கு 80 சாதாரணமானதுதான், பயமுறுத்திடாதே. ரெண்டு வாரத்துல கரையாத கட்டின்னா ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துடணும், அவ்வளவுதான். வயித்துப் புள்ளையைப் பாக்கற அதே ஸ்கேன்தான், ஒண்ணும் ஆகாது.

இங்க கண்டுபிடிச்சது யாரு தெரியுமா? ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். கர்ப்பத்தைப் பதிஞ்சு பிக்மி நம்பர் வாங்கிக் கொடுத்தாங்களே, அவங்கதான் பேச்சுவாக்குல "வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்காம்மா?"ன்னு கேட்டிருக்காங்க. இவ சொன்னதும் அன்னைக்கே சீட்டு எழுதி அனுப்பிட்டாங்க. ஸ்கேன், அப்புறம் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனை. புற்றுநோய்தான்னு முடிவு வந்தப்ப நாலாம் மாசம் முடியப்போகுது.

அப்புறம் நடந்ததுதான்டி கூத்து. ஞாயித்துக்கிழமை கடையைச் சாத்திட்டுப் பஞ்சாயத்து. முசிறியிலிருந்து தாய்மாமன் வந்தார், "கருவைக் கலைச்சுட்டு எங்க பொண்ணைக் காப்பாத்துங்க"ன்னார். அக்காவோட மூத்த அக்கா உறையூர்லேர்ந்து வந்து, "வாராது வந்த புள்ளை, அதைத் தொடாதீங்க, வைத்தியத்தைப் பிரசவத்துக்கு அப்புறம் வெச்சுக்கலாம்"னாங்க. ஒருத்தர் ஜாதகத்தைப் பிரிச்சார். இன்னொருத்தர் வாட்ஸ்அப்புல வந்த முள்சீத்தா இலைக் கஷாயத்தைச் சொல்லி, மறுநாளே ஒரு பை நிறைய இலையும் கொண்டுவந்துட்டார். தாயா புள்ளையான்னு ரெண்டு கட்சி. நான் காபி கொடுக்கற சாக்குல அங்கேயே உக்காந்திருந்தேன், தெரியும்ல என்னை. ஒரு வாரம் இந்த வழக்கு ஓடிச்சு. அந்த ஒரு வாரமும் கட்டி சும்மாவா இருந்திருக்கும்?

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு ஒரு வேன் நிறையப் போனாங்க. அங்க ஒரு லேடி டாக்டர் எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு இவகிட்டத் தனியாப் பேசினாங்களாம். கலைக்கறதுன்னா இவ ஒருத்தி சம்மதம் போதும், மேஜரான பொண்ணுக்குப் புருஷன் கையெழுத்துகூட வேண்டாம்னு 1971 சட்டமே சொல்லுதாம். தாய்மாமனுக்கு இது தெரிஞ்சிருந்தா வேனுக்கு டீசல் மிச்சம். கலைச்சாத்தான் அம்மா பிழைப்பாங்கறதுக்கு ஆதாரம் எதுவும் கிடையாதுன்னும் சொல்லியிருக்காங்க. முதல் மூணு மாசத்துக்குள்ள முத்தின நோயாத் தெரிஞ்சா சிலர் அந்த முடிவு எடுக்கறதுண்டு, ஏன்னா அப்ப கீமோ கொடுக்க முடியாது, காத்திருக்கவும் முடியாது. இவ அந்தக் கட்டத்தைத் தாண்டிட்டா. ரெண்டு பேருக்கும் சேத்தே வைத்தியம் பாக்கலாம்னு டாக்டர் சொல்லி முடிச்சதும், இவ கேட்ட முதல் கேள்வி: "கீமோ போட்டா மாங்காய் சாப்பிடலாமா?" டாக்டர் சிரிச்சுட்டாங்களாம். வெளியே நின்ன ரெண்டு கட்சிக்கும் உள்ளே என்ன சிரிப்புன்னு புரியலை.

வைத்தியத்துக்கு அவங்க ஒரு காலண்டரே போட்டுக் கொடுத்தாங்க. ஆபரேஷன் எந்த மாசத்துலயும் பண்ணலாம். கீமோ முதல் மூணு மாசம் கூடவே கூடாது, புள்ளைக்குக் கை, கால், இதயம் எல்லாம் உருவாகற நேரம். 14 வாரத்துக்கு மேல, எல்லா மருந்தும் இல்லை, பல வருஷமாக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பழகின சில மருந்துகளை மட்டும் கொடுக்கலாம். 35 வாரத்தோட நிறுத்திடணும். கடைசி ஊசிக்கும் பிரசவத்துக்கும் நடுவுல 3 வாரமாவது இருக்கணும், இல்லைன்னா தாய்க்கும் புள்ளைக்கும் ரத்த அணு குறைஞ்சு கிடக்கற நேரத்துல பிரசவம் வந்து மாட்டிக்கும். ரேடியேஷன், ஹார்மோன் மாத்திரை எல்லாம் புள்ளை பொறந்ததுக்கு அப்புறம்தான்.

எனக்கு மனசு ஆறலை. வயித்துல புள்ளையை வெச்சுகிட்டு அந்த விஷ மருந்தான்னு என் பொண்ணுகிட்டக் கேட்டேன். அவதான் தேடிப் படிச்சுச் சொன்னா. பெல்ஜியத்துல லூவன்னு ஒரு ஊர், அங்க ஃபிரடெரிக் ஆமான்னு ஒரு டாக்டர். கர்ப்பத்துல புற்றுநோய் வந்த தாய்களோட 129 குழந்தைங்களை, வேற 129 குழந்தைங்களோட ஒப்பிட்டுப் பாத்து 2015ல வெளியிட்டிருக்காரு. அதுல 96 குழந்தைங்க வயித்துக்குள்ளேயே கீமோவைப் பாத்ததுங்க. ரெண்டு மூணு வயசு வாக்குல சோதிச்சதுல புத்தி வளர்ச்சியிலயும் இதயத்துலயும் வித்தியாசம் தெரியலை. பின்தங்கினதுங்க பெரும்பாலும் குறைமாசத்துல பொறந்ததுங்க. அதனால பயந்துபோய் சீக்கிரமே புள்ளையை வெளியே எடுக்கறதுதான் ஆபத்து, முடிஞ்சவரைக்கும் மாசம் நிறைய விடணும்னு ஆச்சு. உறையூர் பெரியம்மாகிட்ட இதைச் சொன்னேன். "பெல்ஜியத்துப் புள்ளைங்க வேற, நம்ம புள்ளைங்க வேற"ன்னுட்டாங்க. என்ன பண்றது!

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இடது மார்பையும் அக்குள்ல இருந்த நெறிக்கட்டியையும் எடுத்தாங்க. தைச்ச இடம் ஆறினதும் கீமோ, மூணு வாரத்துக்கு ஒருதரம். செக்கச்செவேல்னு ஒரு மருந்து, ஏத்தின அன்னைக்கு ஒண்ணுக்குக்கூடச் செவப்பாப் போகும். ஒவ்வொரு தடவையும் முன்னாடி புள்ளையோட ஸ்கேன். அந்தப் பய உள்ளே ஜம்முனு உதைச்சுட்டிருந்தான்.

முடி கொட்டினதும் அக்காவுக்குப் புது வியாபாரம் வந்துடுச்சு, பொய் வியாபாரம். கடைக்கு வர்றவங்க கேட்டா "சமயபுரத்தாளுக்கு மொட்டை போட்டா"ன்னு சொல்லிட்டாங்க. பூக்காரி விடுவாளா? "மாசமா இருக்கறவ யாரு மொட்டை போடுவா?"ன்னு சாத்தார வீதி பூ மார்க்கெட் வரைக்கும் கொண்டுபோயிட்டா. ரெண்டே நாள்ல விஷயம் வெளியே வந்துடுச்சு. அதுவும் நல்லதுக்குத்தான் போ. மறைச்சு வெச்சிருந்தவரைக்கும் யாரும் உதவிக்கு வரலை. தெரிஞ்சப்புறம், கீமோ அன்னைக்குக் கடையைப் பாத்துக்கறேன்னு பூக்காரியே வந்து உக்காந்தா. தொத்து வியாதின்னு நினைச்சு அவங்க வீட்டுத் தண்ணியைக் குடிக்காதவங்களும் உண்டு, அவங்க பேரை நேர்ல சொல்றேன்.

வளைகாப்பு வேண்டாம்னு எல்லாரும் சொன்னாங்க. அக்கா நடத்தியே தீருவேன்னு நின்னாங்க. சவுரிமுடி வெச்சுத் தலை நிறையப் பூ, அரக்குல புடவை. வளையல்காரர் வலது கைக்கு அடுக்கிட்டு இடது கையைப் பிடிச்சார். அக்கா பட்டுனு தட்டிவிட்டாங்க. அக்குள்ல ஆபரேஷன் பண்ணின பக்கத்துக் கையில இறுக்கமா எதுவும் போடக் கூடாது, ஊசி குத்தக் கூடாது, பிரஷர்கூடப் பாக்கக் கூடாது, வீங்கிடும்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பியிருக்காங்க. "ஒத்தைக் கையிலயா? அபசகுனம்"னு உறையூர் பெரியம்மா ஆரம்பிச்சாங்க. அக்கா திரும்பிப் பாத்த பார்வை இருக்கே! "வயித்துல இருக்கறவன் ஒரு கைச் சத்தத்தைக் கேட்டா போதும், அவன் என்ன கணக்கா எடுக்கப்போறான்?" கலந்த சாதம் ஏழு வகை. புளியோதரை நான் செஞ்சது. உப்பு கொஞ்சம் தூக்கல்னு யாராச்சும் உன்கிட்டச் சொன்னா நம்பாதே.

அந்தப் பொண்ணோட பையைப் பாக்கணும் நீ. உள்ளே ரெண்டு ஃபைல், பிரசவத்துக்கு ஒண்ணு, புற்றுநோய்க்கு ஒண்ணு. இந்த டாக்டர் அதைப் பாக்க மாட்டார், அந்த டாக்டர் இதைப் பாக்க மாட்டார், நடுவுல வெல்டர்தான் தூது. வேலைக்குப் போகாத நாளெல்லாம் சம்பளம் கட். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால பெரிய செலவு தாங்குச்சு. ஆட்டோவுக்கும் சத்தான சாப்பாட்டுக்கும் அட்டை கிடையாதே. பிரசவ ஃபைல்ல மகப்பேறு நிதியுதவித் தாள் இருந்துது, 18,000 ரூபாய்த் திட்டம். அது யார் பேர்ல இருக்குன்னு பாத்தியா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. நம்ம பக்கத்துப் புதுக்கோட்டையில 1886ல பொறந்தவங்க. தங்கச்சி 1923ல புற்றுநோய்ல போன துக்கத்துலதான் 1954ல அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை 12 படுக்கையோட ஆரம்பிச்சாங்க. சட்டசபையில உக்காந்தவங்க, தாயையும் பாத்தவங்க, புற்றுநோயையும் பாத்தவங்க. அந்தம்மா இருந்திருந்தா ரெண்டு ஃபைலையும் ஒரே நூல்ல கட்டியிருப்பாங்கன்னு எனக்கு ஒரு எண்ணம்.

37 வாரம் முடிஞ்சு பையன் பொறந்தான், ரெண்டே முக்கால் கிலோ. தலை நிறைய முடிடி! அம்மா தலையில ஒண்ணு இல்லை, புள்ளை தலையில காடு. அதைப் பாத்து அவ சிரிச்ச சிரிப்பு பழைய சிரிப்பு, வார்டே திரும்பிப் பாத்துச்சாம். நஞ்சுக்கொடியையும் பரிசோதனைக்கு அனுப்பினாங்க, நோய் எதுவும் அதுல இல்லை.

கஷ்டம் பால்லதான். மிச்சம் கீமோ சீக்கிரமே ஆரம்பிக்கணும், அது பால்ல இறங்கும், கொடுக்கவே கூடாது. இருக்கற ஒரு மார்ல பால் பொங்குது, புள்ளை பக்கத்துல கத்துது. நோயைத் தாங்கினவ இதுல உடைஞ்சுட்டா. பால் வத்த டாக்டர் மாத்திரை கொடுத்தாங்க. எதிர்வீட்டுப் பாட்டி மல்லிப்பூச் சரத்தை மார்ல வெச்சுக் கட்டச் சொன்னாங்க. ஒத்தடம் சொன்ன அதே பாட்டியான்னு நான் முறைச்சேன். அப்புறம் பாத்தா, 1988லேயே வேலூர் சிஎம்சி டாக்டர்கள் மல்லிப்பூவை மாத்திரையோட ஒப்பிட்டுப் பாத்து, பால் வத்துதுன்னு எழுதியிருக்காங்களாம்! பாட்டிக்கு இதுல மட்டும் பாஸ் மார்க். பூக்காரி தினம் நாலு முழம் காசு வாங்காமக் கொடுத்தா. புள்ளைக்குப் பால் மாவு. ராத்திரி ரெண்டு மணி, நாலு மணின்னு சங்கைத் தூக்கிட்டு அக்காதான் ஊட்டினாங்க. விடிஞ்சா இட்லி மாவு, ராத்திரி சங்கு.

வாராவாரம் 12 ஊசி, அதுவும் போன மாசம் முடிஞ்சுது. கூட்டம் சேர்ந்தா தொத்து வரும்னு தள்ளிப்போட்டிருந்த தொட்டில் அடுத்த புதன்கிழமை. பேர் வெக்கறதுல இப்ப மறுபடி ரெண்டு கட்சி. முசிறிக்காரங்க தாயுமானவன்கறாங்க. காவேரி வெள்ளத்துல பெத்தவ வர முடியாம நின்னப்ப, மலைக்கோட்டைச் சாமியே தாயா வந்து பிரசவம் பாத்த ஊராச்சே நம்மது, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஸ்ரீரங்கத்துல பொறந்துட்டு ரங்கன் இல்லாம எப்படின்னு அக்கா. ஆனா தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்திருக்காங்க, முட்டிவலியோட மலைக்கோட்டைப் படி ஏறப்போறாங்களாம். காந்தி மார்க்கெட்ல தார் விலையைக் கேட்டுட்டு வந்து ஒரு மணி நேரம் திட்டினாங்க. மருமக ரெண்டு கட்சியிலயும் சேரலை, "கூப்பிடச் சுருக்கமா ஒண்ணு வைங்க, எனக்கு மூச்சு வாங்குது"ங்கறா.

நீ வந்துடு, பல்லவன்ல டிக்கெட் போடு, ஸ்ரீரங்கத்துலயே இறங்கிக்கலாம். புள்ளைக்குத் தங்கம் வெள்ளின்னு எதுவும் வேண்டாம். பொண்ணுக்கு அடுத்த மாசம் ரேடியேஷன், வாரத்துல அஞ்சு நாள், தோல் உரசக் கூடாது. பாண்டிபஜார்ல முன்னாடி பட்டன் வெச்ச மெல்லிசுக் காட்டன் நைட்டி நாலு வாங்கிட்டு வா. எக்ஸ்எல். பேரம் பேசி வாங்கு, காசை நான் கொடுத்துடறேன்.

உன்
ஜன்னல்காரி